அழுத்தி அறுக்காதீர்கள்: பவர் சா வைத்திருப்பவர்களுக்கு ஒரு மெக்கானிக் சொல்வது

பட்டுக்கோட்டையில், செயின் ஓடி மரம் அறுக்கிற பவர் சா, களை வெட்டுகிற மெஷின், மருந்தடிக்கிற மெஷின் எல்லாம் ரிப்பேர் பார்க்கிறேன். பவர் சாவைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் அனேகமாக ஒரே குறையைத்தான் சொல்வார்கள். "அண்ணே, மெஷின் இழுக்க மாட்டேங்குது. கார்பரேட்டர்ல ஏதோ கோளாறு, பாருங்க." நான் கார்பரேட்டரைத் தொடுவதில்லை. மெஷினை வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, செயினில் ஏதாவது ஒரு பல்லை உற்றுப் பார்ப்பேன். கூராக இருக்கிற பல்லின் விளிம்பு கண்ணுக்கே தெரியாது. வெளிச்சம் பட்டுத் திரும்ப அங்கே இடம் இல்லை. மழுங்கிப்போன பல்லில் விளிம்பு நெடுக மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு மின்னும். அந்தக் கோடு தெரிந்துவிட்டால் என்ஜினைப் பிரிக்கிற வேலை அனேகமாக இருக்காது. அரத்தை எடுத்தால் போதும்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், மெஷினால் அடிபட்டவர்களிடம் பேசும்போது பாதிப் பேர் கதை இங்கேதான் தொடங்குகிறது. நல்ல செயின் மெஷினுடைய எடையிலேயே மரத்துக்குள் இறங்கும். நாம் திசை காட்டினால் போதும். மழுங்கின செயின் இறங்காது; அதனால் ஆள் அழுத்துகிறார். உடம்புப் பாரம் மொத்தமும் மெஷின்மேல் சாய்ந்திருக்கும்போது மரம் திடீரென்று அறுந்து விடுகிறது. தாங்க ஒன்றும் இல்லாமல் மெஷின் கீழே பாய்கிறது. கீழே இருப்பது அவருடைய தொடை, முழங்கால், பாதம். பராமரிப்பு ஒரு பாடம், பாதுகாப்பு வேறொரு பாடம் என்று இந்த மெஷினில் பிரிக்கவே முடியாது. அழுத்த வேண்டியிருக்கிறது என்று கை உணர்ந்த உடனே மெஷினை நிறுத்துங்கள்.

செயினுக்கு அரம் போடுவது

அறுக்கும்போது கீழே கொட்டுவதைப் பாருங்கள். வேம்பு, மா, புங்கன் என்றால் செதில் செதிலாக விழ வேண்டும். மாவு மாதிரி தூள் விழுந்தால் பல் போய்விட்டது. தென்னையில் இந்தக் கணக்கு அவ்வளவு சுலபமில்லை, நல்ல செயினிலும் நார் நாராகத்தான் வரும். தென்னை அறுக்கும்போது புகையைப் பாருங்கள்: பாரில் (செயின் சுற்றி ஓடுகிற நீளமான இரும்புத் தகடு) எண்ணெய் இருந்தும் வெட்டுவாயில் புகை வருகிறது, கருகின வாசம் அடிக்கிறது என்றால் நிறுத்த வேண்டிய நேரம்.

எங்கள் பக்கம் செயின் சீக்கிரம் மழுங்க மண்தான் முதல் காரணம். அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம் பக்கம் தோப்பு முழுக்க மணல். கிடக்கிற மரத்தை ஒரே மூச்சில் மேலிருந்து கீழ்வரை அறுத்து, கடைசியில் பார் தரையைத் தொட்டுவிட்டால், ஒரு நொடி போதும், அத்தனை பல்லும் மொட்டை. மரத்தின் கனத்தில் முக்கால் பாகம் மேலிருந்து அறுத்துக்கொண்டே போங்கள். பிறகு கடப்பாரையால் மரத்தைப் புரட்டிவிட்டு மீதியை அறுங்கள். இரண்டாவது காரணம் இரும்பு. எலி ஏறாமல் இருக்கத் தென்னையில் தகரம் சுற்றி ஆணி அடித்திருப்பார்கள். தகரம் உதிர்ந்துபோய் ஆணி மட்டும் உள்ளேயே இருக்கும். வேலிக்கம்பி கட்டின பூவரசு, மாடு கட்டின வேம்பு இவற்றிலும் அப்படித்தான். தோப்புக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

அரம் போடுவது பெரிய வித்தை இல்லை, பொறுமை வேண்டும். செயினை ஓடாமல் பிடிக்கிற செயின் பிரேக்கைப் போட்டு, பாரை வைஸில் இறுக்கிக்கொள்ளுங்கள். கையுறை போடுங்கள். எந்தப் பல்லில் தொடங்கினீர்கள் என்று சாக்பீஸிலோ மார்க்கரிலோ ஒரு அடையாளம். உருண்டை அரத்தின் அளவு செயினின் பிட்ச்சை, அதாவது கண்ணிகளின் இடைவெளியைப் பொறுத்தது (அதை அங்குலத்தில் சொல்வார்கள்): பாயின்ட் 325 செயினுக்கு 4.8 மில்லிமீட்டர் அரம். சின்ன மெஷின்களில் வருகிற மெல்லிசான 3/8 செயினுக்கு 4 மில்லிமீட்டர். பெரிய 3/8 செயினுக்கு 5.2 அல்லது 5.5. வாங்கும்போதே பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்து அதே அரத்தை வாங்குங்கள். கடையில் இருக்கிற ஏதோ ஒரு அரத்தைப் போட்டால் பல்லின் கொக்கி வடிவம் கெட்டுப்போகும்.

பல்லின் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். திரும்பும்போது அரத்தைத் தூக்கிக் கொண்டுவாருங்கள், தேய்த்து இழுக்கக் கூடாது. அரத்தின் கனத்தில் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேல் தகடுக்கு மேலே தெரிய வேண்டும். கோணம் பொதுவாக 30 டிகிரி. நிறைய செயின்களில் பல்லின் முதுகிலேயே சாய்வாக ஒரு கோடு போட்டிருப்பார்கள், அரம் அதற்கு இணையாகப் போனால் சரி. அந்தக் கோடு, பல் எதுவரை தேயலாம் என்பதற்கும் அளவு. கோடுவரை தேய்ந்துவிட்டால் செயினை மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் பல் உடைந்து தெறிக்கும். முதலில் ஒரு பக்கத்துப் பற்கள் எல்லாம், பிறகு திரும்பி நின்று மறுபக்கம். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கைத் தேய்ப்பு. நமக்கு வாகான கைப்பக்கம் தானாகவே கொஞ்சம் அழுத்தமாகத் தேய்த்துவிடும். அப்போது ஒரு பக்கத்துப் பற்கள் குட்டையாகி, மெஷின் நேராக அறுக்காமல் ஒரு பக்கமாக வளைந்து போகும். "பார் வளைஞ்சிருச்சுண்ணே" என்று வருவார்கள். பார் நன்றாகவே இருக்கும்.

பல்லுக்கு முன்னால் ஒரு சின்ன மேடு இருக்கிறதே, அதை நிறையப் பேர் கவனிப்பதே இல்லை. பல் ஒரு சுற்றில் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று தீர்மானிப்பது அதுதான். பல்லின் உச்சியைவிட அது சுமார் 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். பல் தேயத் தேய உச்சி தாழ்ந்துகொண்டே வரும், மேடு அப்படியே நிற்கும். கடைசியில் பல் சவரக்கத்தி மாதிரி இருந்தாலும் மெஷின் தூளைத்தான் தள்ளும். அதற்கென்று ஒரு சின்ன அளவுத் தகடு விற்கிறார்கள். மூன்று நான்கு தடவை அரம் போட்டதும் தகடை வைத்து, மேலே துருத்துகிற மேட்டைத் தட்டை அரத்தால் தேயுங்கள். கண் அளவில் தேய்க்காதீர்கள். வேகமாக அறுக்கட்டும் என்று கூடுதலாகத் தாழ்த்தினால் பல் மரத்தை அளவுக்கு மீறிக் கடித்து மெஷின் குதிக்கும். அப்படி ஒரு மெஷினை என் எதிரியிடம்கூடக் கொடுக்க மாட்டேன்.

நேரம் மிச்சம் என்று செயினைக் கிரைண்டரில் கொடுப்பவர்கள் உண்டு. பழகின கை என்றால் பரவாயில்லை. அவசரக் கை பட்டால் பல் சூடேறி விளிம்பு நீலம் பாயும். நீலம் பாய்ந்த இரும்பு பதம் இழந்துவிட்டது, அதில் எத்தனை தடவை கூர் வைத்தாலும் நிற்காது.

இறுக்கமும் எண்ணெயும்

செயின் இறுக்கத்தை மெஷின் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். பாரின் அடிப்பக்கத்தில் செயின் தொங்காமல் ஒட்டி இருக்கணும். பிரேக்கை விடுவித்துவிட்டு, கையுறை போட்ட கையால் இழுத்தால் தடையில்லாமல் ஓடணும். இரண்டும் சரியாக இருந்தால் போதும். புதுச் செயின் முதல் கொஞ்ச நேரம் நீண்டுகொண்டே இருக்கும், அடிக்கடி நிறுத்திப் பார்க்க வேண்டும். வேலைக்கு நடுவில் சூட்டில் தளர்ந்த செயினை இறுக்கினீர்கள் என்றால், வேலை முடிந்ததும் மறக்காமல் தளர்த்திவிடுங்கள். ஆறும்போது செயின் சுருங்கி, பாரையும் கிராங்க் பேரிங்கையும் சேர்த்து இழுத்துப் பிடிக்கும்.

பாருக்கு ஊற்றுகிற எண்ணெய் விஷயத்தில் நான் யாரிடமும் விட்டுக்கொடுப்பதில்லை. மோட்டார் சைக்கிளில் இறக்கின பழைய ஆயிலை வடிகட்டி ஊற்றுகிற பழக்கம் ஊர் முழுக்க இருக்கிறது. அதில் கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள் மிதக்கிறது. எண்ணெய் பம்ப்பை அது தின்றுவிடும். அதைவிட முக்கியம், அறுக்கும்போது அந்த எண்ணெய் துளித்துளியாகத் தெறித்து உங்கள் தோலிலும் மூச்சிலும் போய்ச் சேருகிறது. பழைய என்ஜின் ஆயில் தோலுக்குக் கேடு, தொடர்ந்து பட்டால் புற்றுநோய் வரைக்கும் போகலாம். பாருக்கென்று விற்கிற, பிசுக்கு அதிகமான எண்ணெயை வாங்கி ஊற்றுங்கள்.

எண்ணெய் வருகிறதா என்று பார்க்க, பாரின் நுனியை ஒரு வெளுத்த சாக்கின் மேலோ புதிதாக அறுத்த மரத்தின் முகத்துக்கு நேராகவோ ஒரு சாண் தள்ளிப் பிடித்து பாதி ரேஸ் கொடுங்கள். எண்ணெய் கோடாகத் தெறித்து விழ வேண்டும். விழவில்லையென்றால் பாரைக் கழற்றி, காடியில் அடைத்திருக்கும் நாரையும் எண்ணெய்த் துளையையும் சுத்தம் பண்ணுங்கள். தென்னை நார் இந்த விஷயத்தில் பொல்லாதது. எண்ணெயில் ஊறிக் கெட்டியாகி, செயினைச் சுழற்றுகிற பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டின் மூடிக்குள் மெத்தை மாதிரி அப்பிக்கொள்ளும். தென்னை அறுக்கிற அன்றைக்குப் பெட்ரோல் ஊற்றும் ஒவ்வொரு தடவையும் மூடியைத் திறந்து நாரை எடுத்துவிடுங்கள். பெட்ரோல் டேங்க் தீரும்போது எண்ணெய் டேங்கும் கிட்டத்தட்டத் தீர்ந்திருக்க வேண்டும். எண்ணெய் அப்படியே நின்றால் எங்கோ அடைப்பு.

பாரைக் கழற்றும்போதெல்லாம் தலைகீழாகத் திருப்பி மாட்டுங்கள். அடிப்பக்கம்தான் அதிகம் உழைக்கிறது. திருப்பிக்கொண்டே இருந்தால் இரண்டு பக்கமும் சமமாகத் தேயும். ஓரத்தில் பிசிறு தட்டினால் தட்டை அரத்தால் எடுத்துவிடுங்கள்.

பெட்ரோல் கலப்பது

இது இரண்டு ஸ்ட்ரோக் என்ஜின். பெட்ரோலில் கலக்கிற டூ டி ஆயில்தான் பிஸ்டனுக்கு ஒரே மசகு. ஸ்டில், ஹஸ்க்வர்னா போன்ற கம்பெனிகள் தங்கள் ஆயிலுக்கு 50-க்கு 1 என்கின்றன: ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி. விலை குறைந்த பல மெஷின்களின் புத்தகத்தில் 25-க்கு 1 என்று இருக்கும்: லிட்டருக்கு 40 மில்லி. உங்கள் மெஷினோடு வந்த புத்தகம் சொல்வதுதான் சரி. அளவுக் குப்பியில் அளந்து ஊற்றுங்கள், மூடியால் குத்துமதிப்பாக ஊற்றாதீர்கள். பைக்குக்கு ஊற்றுகிற ஃபோர் டி (நான்கு ஸ்ட்ரோக்) ஆயிலைக் கலக்கவே கூடாது.

வெறும் பெட்ரோல் ஊற்றி ஓட்டின மெஷினின் பிஸ்டனை ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்தால் ஜென்மத்துக்கும் மறக்காது. சைலன்சர் பக்கம் பிஸ்டனின் வழவழப்பான சுவர், நகத்தால் பிராண்டின மாதிரி மேலிருந்து கீழாகக் கோடு கோடாக உரிந்திருக்கும். அலுமினியம் சிலிண்டர் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். வாங்கின விலையில் பாதி அங்கேயே போய்விட்டது.

இப்போது பங்கில் வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ரப்பர் குழாயையும் கார்பரேட்டருக்குள் இருக்கிற டயாஃப்ரம் என்கிற மெல்லிய சவ்வையும் விறைக்க வைக்கும். தேவைக்கு மட்டும் கலந்துகொள்ளுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் கிடந்த கலவையை மெஷினில் ஊற்றாதீர்கள். ஊற்றுவதற்கு முன் கேனை நன்றாகக் குலுக்குங்கள். சூடான மெஷினில் பெட்ரோல் ஊற்றக் கூடாது. ஊற்றின இடத்திலேயே ஸ்டார்ட் பண்ணாமல் மூன்று மீட்டராவது தள்ளிப் போய்த்தான் கயிற்றை இழுக்க வேண்டும். பீடி பிடிக்கிறவர்களை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

லுங்கியும் துண்டும்

மடித்துக் கட்டின லுங்கி, கழுத்தில் துண்டு, வெறுங்கால். எங்கள் பக்கம் மரம் வெட்டுகிறவரின் உடுப்பு இதுதான், கோடாலி காலத்தில் அதில் குற்றமும் இல்லை. செயின் ஓடுகிற இடத்தில் தொங்குகிற துணி எதுவும் இருக்கக் கூடாது. தடித்த பேன்ட், இறுக்கமான சட்டை, முன்பக்கம் இரும்பு வைத்த பூட்ஸ், கையுறை, முகத்துக்கு வலை வைத்த ஹெல்மெட். காதுக்கு மஃப் கட்டாயம்: இந்த மெஷினின் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். பல வருஷம் காது மூடாமல் அறுத்தவர்கள் கடையில் என்னோடு பேசும்போது கத்திப் பேசுவார்கள், அவர்களுக்கு அது தெரியாது.

தொடைக்கு மாட்டுகிற காப்புத் துணி நம் ஊர்க் கடைகளில் எளிதில் கிடைக்காது, ஆன்லைனில் வரவழைக்கலாம். அதற்குள்ளே நீள நீளமான இழைகள் இருக்கின்றன. செயின் துணியைக் கிழித்த உடனே இழைகள் இழுபட்டு ஸ்பிராக்கெட்டில் சுற்றிச் செயினை நிறுத்திவிடும். ஒரு தடவை வெட்டு வாங்கினால் அதன் ஆயுள் முடிந்தது, தைத்துப் போட முடியாது. செலவு என்று தயங்குகிறவர்களிடம் நான் சொல்வது, மெஷின் விலையில் ஒரு பங்காக இதை நினைத்து சேர்த்தே வாங்குங்கள்.

ஸ்டார்ட் பண்ணும் விதமும் பாரின் நுனியும்

ஒரு கையில் மெஷினைத் தொங்கவிட்டு மறுகையால் கயிற்றை இழுத்து ஸ்டார்ட் பண்ணுவது பார்க்க லாவகமாக இருக்கலாம். பிடியில் இல்லாத மெஷின் எந்தப் பக்கம் சுழலும் என்று யாராலும் சொல்ல முடியாது. செயின் பிரேக்கைப் போடுங்கள். மெஷினைத் தரையில் வைத்து, பின் கைப்பிடிக்குள் வலது பூட்ஸின் முனையை நுழைத்து மிதித்துக்கொண்டு, இடது கையால் முன் கைப்பிடியை அழுத்திப் பிடித்து, வலது கையால் இழுங்கள். பார் எதையும் தொடக் கூடாது.

ஸ்டார்ட் ஆனதும் இரண்டு சோதனை. ரேஸ் கொடுக்காமல் விட்டால் செயின் நிற்க வேண்டும். சுற்றினால், ரேஸ் இல்லாதபோது என்ஜின் ஓடுகிற வேகத்தை வைக்கிற ஐடில் ஸ்குரூவைக் குறைக்கணும். குறைத்தும் சுற்றினால் கிளட்ச் ஸ்பிரிங் போயிருக்கும், அதோடு வேலைக்குப் போகாதீர்கள். அடுத்தது, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரு நொடி முழு ரேஸ் கொடுத்து, இடது மணிக்கட்டால் முன் கார்டை (முன் கைப்பிடிக்கு முன்னால் நிற்கிற தடுப்பு, செயின் பிரேக்கைப் போடுவதும் அதுதான்) தள்ளுங்கள். செயின் சட்டென்று நிற்க வேண்டும். கொஞ்சம் ஓடி நின்றால் பிரேக் பட்டையில் எண்ணெயும் தூளும் சேர்ந்திருக்கிறது. முன் கார்டு இடைஞ்சலாக இருக்கிறது என்று கழற்றிவிட்ட மெஷின்கள் என்னிடம் வருகின்றன. கார்டு மாட்டாமல் நான் திருப்பிக் கொடுப்பதில்லை.

அந்தக் கார்டும் பிரேக்கும் எதற்கு என்று புரிந்துகொண்டால் யாரும் கழற்ற மாட்டார்கள். செயின் பாரின் மேல்பக்கத்தில் நுனியை நோக்கி ஓடுகிறது, நுனியில் வளைந்து கீழ்ப்பக்கமாக நம்மை நோக்கித் திரும்புகிறது. நுனியின் மேல் கால்வட்டம் ஒரு கிளையிலோ அடுத்த மரத்திலோ இடித்தால், அந்த இடத்தில் பல் கீழ்நோக்கி மரத்தைக் கடித்து நிற்கும். செயின் நிற்கும்போது என்ஜினின் விசை முழுக்க பாரைத் தூக்கி நம் முகத்தை நோக்கி வீசுகிறது. கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும், உஷாராக இருந்து தப்பிக்கிற வேகம் இல்லை அது. ஆகவே நுனி எங்கே இருக்கிறது என்பதை எப்போதும் பார்த்துக்கொண்டே அறுக்க வேண்டும், நுனியால் அறுக்கவே கூடாது. இடது கைக் கட்டைவிரல் முன் கைப்பிடிக்கு அடியில் சுற்றியிருக்க வேண்டும். மற்ற விரல்களோடு மேலே கிடந்தால் உதறலில் கை கழன்றுவிடும். முகமும் கழுத்தும் பாருக்கு நேர்கோட்டில் இல்லாமல் மெஷினுக்கு இடப்பக்கமாக ஒதுங்கி நில்லுங்கள். தோள் உயரத்துக்கு மேலே மெஷினைத் தூக்கி அறுக்க வேண்டாம். ஏணியில் நின்று அறுக்கவே வேண்டாம். மரத்தில் ஏறி ஒரு கையால் அறுக்கிற தம்பிகளுக்கு: மேலே அறுப்பதற்கென்று சின்ன மெஷினும் இடுப்புப் பெல்ட்டும் தனிப் பயிற்சியும் இருக்கின்றன. தரை மெஷினைக் கயிற்றில் கட்டி மேலே தூக்குவது அந்த வேலை ஆகாது.

புயலில் சாய்ந்த மரம்

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரை கடந்தது. விடிந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கத் தோப்புகள் படுத்துக் கிடந்தன. பவர் சாவைத் தொட்டே பார்க்காதவர்கள்கூட அந்த மாதம் மெஷின் வாங்கினார்கள். கரண்ட் இல்லாமல் ஜெனரேட்டர் வெளிச்சத்தில் ராத்திரியெல்லாம் அரம் போட்டுக் கொடுத்தோம். சாய்ந்த மரத்தை அறுப்பது, நிற்கிற மரத்தை வீழ்த்துவதைவிட ஆபத்து என்று அப்போது எங்கள் பக்கம் நிறையப் பேருக்குத் தெரியாது.

கிடக்கிற மரம் சும்மா கிடப்பதில்லை. எங்கோ வளைந்து, எதிலோ தாங்கி, விசையோடு கிடக்கிறது. மரத்தின் இரண்டு முனையும் எதன்மேலாவது தாங்கி நடு அந்தரத்தில் இருந்தால், மேல்பக்கம் நெரிந்து நிற்கிறது, அடிப்பக்கம் இழுபட்டு நிற்கிறது. மேலிருந்து மட்டுமே அறுத்தால் வெட்டு மூடிக்கொண்டு பாரைக் கவ்விக்கொள்ளும். மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுத்து நிறுத்தி, மீதியை அடியிலிருந்து மேல்நோக்கி அறுங்கள். ஒரு முனை மட்டும் தாங்கி மறுமுனை தொங்கினால் எல்லாம் தலைகீழ்: முதலில் அடியில் மூன்றில் ஒரு பங்கு, பிறகு மேலிருந்து. அடியிலிருந்து அறுக்கும்போது பாரின் மேல்பக்கம் வேலை செய்வதால் மெஷின் உங்களைப் பின்னால் தள்ளும். கால் ஊன்றி நில்லுங்கள். பக்கவாட்டில் வளைந்து கிடந்தால் உட்பக்கம் நில்லுங்கள், புடைத்த பக்கத்தில் நின்றால் அறுந்த மரம் உங்களைத்தான் அடிக்கும்.

பார் கவ்விக்கொண்டால் மெஷினை நிறுத்திவிட்டு ஆப்பு அடித்தோ கடப்பாரையால் நெம்பியோ எடுங்கள். ரேஸ் கொடுத்துக்கொண்டே பிடுங்காதீர்கள்.

வேரோடு சாய்ந்த மரத்தில் பயப்பட வேண்டியது வேர்க்கட்டிக்கு. தூங்குமூஞ்சி, மா, வேம்பு போன்ற மரங்களில் வேரும் மண்ணும் சுவர் மாதிரி செங்குத்தாக நிமிர்ந்து நிற்கும், கீழே பெரிய குழி. தண்டின் பாரம் அந்தப் பக்கம் இழுப்பதால்தான் அது அப்படி நிற்கிறது. தண்டை அறுத்துவிட்டால் வேர்க்கட்டி அப்படியே திரும்பக் குழிக்குள் சாத்திக்கொள்ளும். அந்தக் குழியில் விளையாடப் பிள்ளைகள் இறங்குவார்கள், நிழலுக்கு ஆடு படுத்திருக்கும். அறுப்பதற்கு முன் குழியை எட்டிப் பார்ப்பது கட்டாயம். அங்கே ஆள் காவல் நிற்க வேண்டும்.

மரத்தோடு மின்கம்பி கிடந்தால் மின்வாரியத்து ஆள் வந்து லைனை நிறுத்தியாகிவிட்டது என்று நேரில் சொல்லும்வரை பக்கத்தில் போகாதீர்கள். கரண்ட் இல்லை என்று தெருவே சொன்னாலும் போகாதீர்கள். யாரோ வீட்டில் ஜெனரேட்டர் போட்டால் செத்த கம்பியிலும் மின்சாரம் வரலாம்.

நிற்கிற தென்னையை இறக்குவது

சாதாரண மரத்துக்கு முறை இது: விழ வேண்டிய பக்கம், கனத்தில் நான்கில் ஒரு பங்கு ஆழத்துக்கு ஆப்பு வடிவில் துண்டு எடுப்பது. பிறகு பின்பக்கத்திலிருந்து, அந்த வெட்டின் அடியைவிட இரண்டு விரல் உயரத்தில் அறுத்து வருவது. நடுவில் கனத்தில் பத்தில் ஒரு பங்கை அறுக்காமல் விடுவது. அந்த மிச்சம்தான் கதவுக் கீல் மாதிரி மரத்தைத் திசை மாறாமல் மடக்கி இறக்கும். அதையும் அறுத்துவிட்டால் மரம் எங்கே போகும் என்று அதற்கே தெரியாது.

தென்னையில் இந்த மிச்சத்தை முழுசாக நம்ப முடியாது. வெளிச்சுற்று இரும்பு, நடு சோறு. நார் நாராக இருப்பதால் மிச்சம் மற்ற மரம் போல ஒரே சீராக மடங்காது. ஆப்பு அடித்தாலும் நடுவில் பொதபொதவென்று இறங்கிவிடும். ஆகவே கயிறு இல்லாமல் நிற்கிற தென்னையில் கை வைக்காதீர்கள். ஆள் ஏறிக் காயையும் மட்டையையும் இறக்கிவிட்டு, உயரத்தில் கயிறு கட்ட வேண்டும். கயிறு மரத்தின் உயரத்தைவிட நன்றாக நீளமாக இருக்கணும், இழுக்கிறவர்கள் மரம் விழுகிற கோட்டிலிருந்து விலகி நிற்க, வேறொரு மரத்தின் அடியைச் சுற்றிக் கயிற்றைத் திருப்பிக்கொள்ளுங்கள். கயிற்றை இடுப்பிலோ மணிக்கட்டிலோ யாரும் சுற்றக் கூடாது. இடி விழுந்து கொண்டை போன மரத்தில் ஆளை ஏற்றாதீர்கள், மெஷின் அதிர்விலேயே மேல்பாகம் முறிந்து விழலாம். அதை ஒரு மண் அள்ளும் இயந்திரம் வைத்துத் தள்ளிவிடுவதே நல்லது.

வெட்டு தொடங்குவதற்கு முன் நீங்கள் ஓடுகிற வழியைச் சுத்தம் பண்ணுங்கள்: விழுகிற திசைக்கு நேர் பின்னால் போகக் கூடாது, பின்பக்கம் சாய்வாக 45 டிகிரியில். மரம் அசைந்ததும் மெஷினை நிறுத்திக்கொண்டு அந்த வழியில் நடந்துவிடுங்கள். வேடிக்கை பார்ப்பவர்கள் மரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்துக்கு அப்பால். அறுக்கிறவர் அருகில் யாரும் வரக் கூடாது, காதுக்கு மஃப் போட்டவருக்குக் கூப்பிட்டால் கேட்காது. முன்பக்கமாக வந்து கை காட்ட வேண்டும்.

பனை என்றால் மெஷினை எடுப்பதற்கு முன்னால் மாவட்ட ஆட்சியர் அலுவலக அனுமதியைக் கேளுங்கள்.

தனியாகப் போகவே போகாதீர்கள். வெட்டுப் பட்டால் சுத்தமான துணியை மடித்துக் காயத்தின்மேல் வைத்து, விடாமல் அழுத்திப் பிடிக்க ஒருவர், 108-க்குப் பேச ஒருவர். அந்தத் துணியை மெஷின் பெட்டியிலேயே ஒரு பாலிதீன் பையில் போட்டு வையுங்கள். துணியை எடுத்து எடுத்து ரத்தம் நின்றுவிட்டதா என்று பார்க்கக் கூடாது.

வேலை முடிந்ததும்

ஏர் ஃபில்டரை அன்றன்றைக்குத் தட்டிச் சுத்தம் பண்ணுங்கள். சிலிண்டரின் குளிர்ச்சித் தகடுகளுக்கு நடுவே தூள் அடைந்திருந்தால் பெயின்ட் பிரஷ்ஷால் எடுங்கள். அங்கே காற்று போகவில்லையென்றால் என்ஜின் சூட்டில் ஜாமாகும். ஸ்பார்க் பிளக்கை எப்போதாவது கழற்றிப் பாருங்கள்: காப்பிப் பொடி நிறத்தில் இருந்தால் நல்லது, கறுப்பாக ஈரமாக இருந்தால் ஆயில் அதிகம் அல்லது ஃபில்டர் அடைப்பு, வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. வெளுத்த பிளக்கோடு ஓட்டாதீர்கள், காட்டிவிட்டுப் போங்கள். இடைவெளி 0.5 மில்லிமீட்டர். கார்பரேட்டரில் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிற எல், ஹெச் ஸ்குரூக்களை நீங்களாகத் திருக வேண்டாம்.

இரண்டு செயினை மாற்றி மாற்றிப் போடுகிறவர்களின் ஸ்பிராக்கெட் ஒரே சீராகத் தேயும். இரண்டும் முடியும்போது ஸ்பிராக்கெட்டையும் சேர்த்து மாற்றுங்கள். தேய்ந்த ஸ்பிராக்கெட்டில் புதுச் செயின் போட்டால் செயின் சீக்கிரமே நீளும். தோப்புக்குப் போகும்போது கூர் வைத்த இரண்டாவது செயினைக் கையோடு எடுத்துப் போனால், மழுங்கினதை அங்கேயே மாற்றலாம். அழுத்தி அறுக்க யாருக்கும் அவசியம் வராது.

அறுத்த தென்னைத் துண்டுகளை மழைக்காலம் வரை தோப்பிலேயே போட்டுவைக்காதீர்கள். மக்குகிற தண்டில்தான் காண்டாமிருக வண்டு முட்டை வைக்கும். தப்பின கன்றுகளின் குருத்தை அடுத்த வருஷம் அது தின்னும். சூளைக்கோ விறகுக்கோ சீக்கிரம் அனுப்பிவிடுங்கள்.

ஒரு மாதத்துக்கு மேல் மெஷினுக்கு வேலை இல்லை என்றால் டேங்கைக் காலி பண்ணி, ஸ்டார்ட் செய்து தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். கார்பரேட்டரில் மிச்சம் இருந்தால் அது பிசினாகும். செயினையும் பாரையும் கழற்றித் துடைத்து எண்ணெய் பூசி, உறை மாட்டி, பிள்ளைகள் கை எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். ஆடிக்கு முன்னால் ஒரு தடவை கடைக்கு எடுத்து வந்தால் குழாயும் டயாஃப்ரமும் பார்த்துக் கொடுப்பேன். ஐப்பசியில் புயல் சின்னம் என்று ரேடியோ சொன்னபிறகு வந்தால் வரிசையில்தான் நிற்க வேண்டியிருக்கும்.